மறு: பேசும் தவளைக்கு ‘அது’வா ‘அவன்’ஆ? ‘திணையேற்றம்’ என்ற சொல் சரிப்படுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அனிமேஷன் கலைச்சொல் பட்டியலில் ஆந்த்ரோபோமார்ஃபிசம் (மனிதரல்லாததை மனிதரைப் போலக் காட்டுவது) என்பதற்கு நேரே இன்னும் காலியாகவே கிடக்கிறது. இதுவரை வந்தவை மாந்தவுருவாக்கம், மனிதப் பண்பேற்றம், ஆளாக்கம். மூன்றையும் வேலையில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அதனால் நாலாவதாக ஒன்றை வைக்கிறேன்: திணையேற்றம்.

நான் அனிமேஷன் படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறவன். ஆங்கிலத்தில் தவளை குதித்தால் வினைச்சொல் எதையும் காட்டிக்கொடுக்காது. நமக்கு அந்த வசதி இல்லை. குதிச்சுது, குதிச்சான், குதிச்சா, குதிச்சாரு என்று ஏதாவது ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். எடுத்த உடனே அந்தத் தவளை யார் என்பது முடிவாகிவிடுகிறது. ஓவியர் தொப்பியும் கைத்தடியும் கொடுத்து ஆளாக நிற்க வைத்ததை, வசனத்தில் ஒரே ஒரு ‘சுது’ போட்டுக் குளத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

> தவளை இரண்டு காலில் நிற்கிறது, சட்டை போடுகிறது. மாறுவது உருவம்தானே? மாந்தவுருவாக்கம் என்பதில் என்ன குறை?

தம்பி, உருவம் மாறாத இடத்தில்தான் குறை தெரியும். சக் ஜோன்ஸ் 1955இல் வார்னர் பிரதர்ஸுக்காக எடுத்த ‘ஒன் ஃபிராகி ஈவினிங்’ என்ற ஏழு நிமிடக் குறும்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடத்தை இடிக்கும்போது மூலைக்கல்லுக்குள் ஒரு பெட்டி. திறந்தால் ஒரு தவளை. (நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் ‘கல்லுக்குள் தேரை’ என்று கதையைப் பாதியிலேயே பிடித்துக்கொள்வார்கள்.) அது உயரத் தொப்பியும் கைத்தடியுமாக எழுந்து, காலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டு ‘ஹலோ மா பேபி’ பாடுகிறது. பார்த்த தொழிலாளிக்குக் கண்ணெல்லாம் காசு. ஏஜென்டிடம் கொண்டுபோகிறான், தியேட்டரை வாடகைக்கு எடுக்கிறான், இலவச பீர் என்று பலகை வைத்துக் கூட்டம் சேர்க்கிறான். ஆனால் வேறு யாராவது பார்த்தால் போதும், தவளை தொபுக்கென்று உட்கார்ந்து கால் தொங்க ‘குவாக்’ என்கிறது. அவனை மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை போகிறது கதை.

இந்தப் படத்தில் பேச்சு வசனமே கிடையாது, பாட்டு மட்டும்தான். டப்பிங்குக்கு வேலையில்லை. ஆனால் கதைச்சுருக்கத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், விரல் எத்தனை இடத்தில் தயங்குகிறது என்று தெரியும். தொழிலாளி கண்ணில் ‘பாடினான்’. ஏஜென்ட் கண்ணில் ‘கத்தியது’. தோல் அதேதான், கண் அதேதான். தொப்பியைக் கழற்றிவிட்டால் உருவத்தில் ஒன்றும் மிச்சமில்லை. மாறியது உருவம் இல்லை, பார்க்கிறவர் அதை எங்கே வைக்கிறார் என்பதுதான். அந்த இடத்துக்கு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: திணை.

‘ஆளாக்கம்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. சின்னச் சொல், வாயில் நிற்கிறது. ஆனால் ‘பெண் தவளை ஆளானது’ என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஊரில் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் கொண்டுவந்துவிடுவார். அதோடு ஒருவரைப் படிக்கவைத்து ஆளாக்கினார் என்பதும் குறுக்கே வரும். விட்டுவிடலாம்.

> இதற்குப் புதுச்சொல் எதற்கு? பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பதை உரைகாரர்கள் திணை வழுவமைதி என்று சொல்லிவிட்டார்கள். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு என்று காரணமும் நன்னூலிலேயே இருக்கிறது.

ஐயா சொல்வதை முழுக்க ஏற்கிறேன், அந்தச் சொல்லைப் பட்டியலில் போடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. வழுவமைதி என்றால் இருப்பது வழு, நாம் பொறுத்துக்கொள்கிறோம் என்று பொருள். பசுவைக் கொஞ்சுகிறவருக்கு அது பசு என்று தெரியும், கொஞ்சி முடித்ததும் ‘தண்ணி குடிச்சுதா’ என்றுதான் கேட்பார். ஒன்றரை மணி நேரப் படத்தில் தவளைக்கு வீடு, கடன், காதல் எல்லாம் இருக்கும்போது அதை ஒரு நிமிடச் சறுக்கலாக வைக்க முடியாது. அந்தப் படத்துக்குள் அதுதான் விதி. ஐயா காட்டிய நன்னூலிலேயே இன்னொரு இடம் எனக்கு அதிகம் உதவியது: ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும் இயங்குந போலவும் இயற்றுந போலவும் அஃறிணை மருங்கினும் அறையப் படுமே.’ கேட்பது, பேசுவது, நடப்பது, செய்வது. கேரக்டர் உருவாக்குகிறவர் போடும் பட்டியலும் ஏறக்குறைய இதுதான்.

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே.’ மக்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, மக்கட் சுட்டு. மக்கள் என்று சுட்டப்படுவது எதுவோ அது. உரைமரபில் இதற்கு வேறு நுணுக்கங்கள் உண்டு, ஐயா திருத்துவார். எனக்கு வேண்டியது ‘சுட்டு’ மட்டும். திணை தவளைக்குள் இல்லை, சுட்டுகிறவரிடம் இருக்கிறது. யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று பார்த்தால்தான் விகுதி கிடைக்கும்.

டிஸ்னியின் ‘தி பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்’ (2009) இதற்கு நல்ல உதாரணம். நியூ ஆர்லியன்ஸ், 1920கள். இளவரசன் நவீன் மந்திரவாதியால் தவளையாகிறான், முத்தமிட்ட டியானாவும் தவளையாகிவிடுகிறாள். படத்தின் பெரும்பகுதியில் நாயகனும் நாயகியும் தவளைகள்தான். உடல் தவளையின் உடல்தான்: இருவரும் ஒரே பூச்சிக்கு நாக்கை நீட்ட, நாக்கு இரண்டும் சிக்கிக்கொள்கிறது. ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் அவன், அவள். சதுப்புநிலத்தில் தவளை பிடிக்க வருகிறவர்களுக்கு மட்டும் ‘அது’. ‘அங்க போகுது பாரு, புடி!’ இந்த வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு விழுந்து, இந்தத் தவளைகளுக்கு அறிவு இருக்கிறது என்று திகைக்கும்போது, டியானா எங்களுக்குப் பேசவும் தெரியும் என்று சொல்வாள். அலறிக்கொண்டு ஓடுவார்கள். ஆங்கிலத்தில் அது ஒரு ஜோக். தமிழில் அந்த இடத்தில் விகுதியே மாறவேண்டும். ஓடுகிறவன் வாயில் ‘ஐயோ, பேசுதுடா!’ என்று போடுவதா, ‘பேசுறாடா!’ என்று போடுவதா? நான் ‘பேசுதுடா’தான் போடுவேன். பயத்தில் இருக்கிறவனுக்குத் திணை இன்னும் ஏறவில்லை.

எதிர்ப்பக்கம் பார்க்க மேட் பிரேலியின் ‘ஆம்ஃபிபியா’ தொடர் (2019–2022) இருக்கிறது. அங்கே தவளைகள்தான் மக்கள். ஊர், சந்தை, விவசாயம் எல்லாம் அவர்களுடையது, வண்டி இழுப்பது நத்தை. ஆன் என்ற மனிதச் சிறுமி அந்த உலகத்தில் போய் விழும்போது ஊர்த் தவளைகளுக்கு அவள் ஒரு ராட்சச மிருகம். ஆக முதல் காட்சிகளில் தவளைகள் வாயில் ‘அது காட்டுல இருக்கு’ என்று வரவேண்டியது ஆனுக்கு. ஸ்பிரிக் என்ற தவளைப் பையன் அவளோடு பழகிய பிறகுதான் ‘அவ’. இங்கே திணை ஏறுவது மனிதப் பிள்ளைக்கு. ‘மாந்தவுருவாக்கம்’ என்று சொன்னால் இதை எப்படி விளக்குவது? ஆனுக்கு மாந்தவுரு பிறவியிலேயே இருக்கிறது.

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’யில் (2001) குளியல் மாளிகையில் வேலை செய்யும் பச்சைத் தவளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகமூடி ஆவிக்குச் சொந்தமாகப் பேச்சு கிடையாது, முனகல்தான். தங்கத்துக்கு ஆசைப்பட்டு வந்த தவளையை விழுங்கிய பிறகு அதன் குரலில் பேசத் தொடங்குகிறது. அந்தக் காட்சியில் வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. டப்பிங் ஆர்ட்டிஸ்ட் ஒருவரே இரண்டையும் பேசவேண்டிய இடம்.

> ‘ஏற்றம்’ என்றாலே மனிதன் மேலே, தவளை கீழே என்று ஆகிவிடுகிறதே. சூழலியல் பேசுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அக்கா, இந்த ஏற்றம் மேடு ஏறுவதில்லை. தற்குறிப்பேற்ற அணியில் வரும் ஏற்றம். மதுரை மதில் மேல் கொடி அசைந்தது காற்றால். வராதீர்கள் என்று கை காட்டியது போல இருந்தது என்று இளங்கோ தன் குறிப்பை அதன் மேல் ஏற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். வண்டியில் சுமை ஏற்றுவது மாதிரி திணையை ஏற்றுகிறோம், வேண்டாதபோது இறக்குகிறோம். அதனால் ‘திணையிறக்கம்’ என்ற இணைச்சொல்லும் இலவசமாகக் கிடைக்கிறது. ஏஜென்ட் மேஜை மேல் தவளை ‘குவாக்’ என்று உட்காரும் இடம் திணையிறக்கம். ‘உயர்’திணை என்ற பெயரிலேயே உயர்வு இருக்கிறது என்பீர்கள். உண்மைதான், அதற்கு நான் பொறுப்பில்லை. கிணற்று ஏற்றம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடல் போட்டிருந்தார். வரட்டும், நல்ல ஞாபகம்தானே.

அக்காவின் இன்னொரு கேள்விதான் கடினமானது.

> எங்கள் பாட்டி ‘நரி சொல்லிச்சாம்’ என்றுதான் கதை சொன்னார். ‘நரி சொன்னானாம்’ என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. நரி பேசுகிறது, ஏமாற்றுகிறது, ஆனாலும் அது அஃறிணைதான். அப்படியானால் தமிழில் திணையேற்றமே நடப்பதில்லையே?

நடக்கிறது, கதைக்கு உள்ளே நடக்கிறது. பாட்டி வெளியே இருந்து சொல்லும்போது ‘சொல்லிச்சாம்’. அதே மூச்சில் முயல் வாயால் பேசும்போது ‘நரியாரே, சௌக்கியமா?’ என்று ஒரு ‘ஆர்’ வந்து ஒட்டிக்கொள்ளும். ‘தவளையண்ணே’ என்பாள், உறவுமுறையே வந்துவிடும். சொல்கிறவர் சுட்டு வேறு, பாத்திரங்களின் சுட்டு வேறு, இரண்டையும் பாட்டி குழப்பியதே இல்லை. டப்பிங் படத்தில் பெரும்பாலும் கதைசொல்லி இல்லாததால் உள்சுட்டு மட்டும்தான் காதில் விழுகிறது. அதனால்தான் அங்கே ‘குதிச்சான்’ இயல்பாக இருக்கிறது, படக்கதைப் புத்தகத்தில் ‘குதித்தது’ இயல்பாக இருக்கிறது. பின்னணிக் குரல் வரும் படத்தில் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். விளக்கவுரையில் இதை அவசியம் சேர்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அக்கா கேட்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.

பதிவுக்கான வரைவு இது, வெட்டித் திருத்துங்கள்:

திணையேற்றம் – கதைக்குள் ஒரு பாத்திரம், அஃறிணையான இன்னொன்றைத் தன்னைப் போன்ற ஆளாகக் கருதிப் பேசுவதும் நடத்துவதும். வினை: திணையேற்று. எதிர்: திணையிறக்கம். உருவத்தில் கைகால், உடை, நிமிர்ந்த நிலை சேர்ப்பதை மட்டும் குறிக்க ‘மாந்தவுருவாக்கம்’ இருக்கட்டும்.

இரண்டு சொல்லும் வேண்டும் என்பதே இப்போது என் நிலை. கேரக்டர் டிசைன் செய்கிறவருக்கு முதல் கேள்வி உருவம், வசனம் எழுதுகிறவருக்கு முதல் கேள்வி திணை. இலக்கணம் என்றாலே ஸ்டுடியோவில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று ஒரு பயம் உண்டு. ஆனால் உயர்திணை, அஃறிணை இரண்டும் ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்தவை. ‘இந்த சீன்ல திணை ஏத்தலாமா சார்?’ என்று உதவியாளர் கேட்டால் புரியும். ‘மாந்தவுருவாக்கம் செய்யலாமா?’ என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அன்புடன்,
டப்பிங் மேஜையிலிருந்து

பி.கு.: ஃபிராக் (தவளை), டோட் (சொரசொரப்பான தோலுள்ள அதன் உறவு) இரண்டுக்கும் தனிச்சொல் பற்றி. ‘சொறித்தவளை’ ஊர்வழக்கு, பார்த்தவுடன் புரியும். ஆனால் அது டோடைத் தவளையில் ஒரு வகை ஆக்கிவிடுகிறது. ‘ஆம்ஃபிபியா’வில் தவளைகள் குடியானவர்கள், டோடுகள் வரி வசூலிக்கும் படைவீரர்கள், மேலே ஆட்சி செய்வது நியூட்டுகள் (வாலுள்ள, பல்லி மாதிரியான நீர்நில உயிர்கள்). டோடுகளின் படைத்தலைவன் கேப்டன் கிரைமைப் பார்த்து ‘சொறித்தவளைத் தளபதி’ என்றால் அந்த அதிகாரம் முழுக்கப் போய்விடும், வசைமாதிரியும் கேட்கும். தேரை என்றால் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒல்லி உருவம்தான் பலருக்கு நினைவு வரும் என்று ஆட்சேபம் வந்திருந்தது. வரும்தான். திரையில் படம் இருக்கிறதே, அந்தப் பருத்த உடம்பைப் பார்த்துக்கொண்டே ‘தேரை’ என்று கேட்டால் காது பழகிவிடும். என் ஓட்டு தேரைக்கு. சொறித்தவளையைத் திட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். தவளைகள் தேரைகளைத் திட்டும் காட்சிகளுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது.