'ஸ்பைடர் வெயின்' தமிழில்: சிலந்திச் சிரையா, இழைநாளமா?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கால் தோலில் சிவப்பும் நீலமுமாக நூல் நூலாகத் தெரியும் குருதிக்குழாய்களை மறையச் செய்யும் சிகிச்சைக்கு ஒரு விளக்கக் கையேடும் ஒப்புதல் படிவமும் தமிழில் தயாராகின்றன. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மூன்று சொற்கள் இடறுகின்றன: அந்தக் குழாய்களைக் குறிக்கும் 'ஸ்பைடர் வெயின்', அவற்றை மருந்தூசியால் மறையச் செய்யும் 'ஸ்க்ளீரோதெரபி', ஊசிக்குப்பின் நுண்ணிய சிவப்பு இழைகள் புதிதாகப் படரும் 'மேட்டிங்'. முதல் இரண்டுக்கும் இப்போதைக்கு 'சிலந்திச் சிரை', 'கடினமாக்கல் சிகிச்சை' என்று போட்டிருக்கிறேன். மூன்றாவதற்கு இடம் வெறுமையாக இருக்கிறது. படிப்பவர் அதன்கீழ் கையெழுத்திடப் போகிறவர். அகராதியைத் தேடாமல் அவருக்குப் புரியவேண்டும்.

தமிழாசிரியர்:

'சிலந்திச் சிரை' உவமைத்தொகையானால் சிலந்தி போன்ற சிரை; ஆறாம் வேற்றுமைத்தொகையானால் சிலந்தியினது சிரை. இரண்டிலும் ஒற்று மிகும், ஆகவே எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிரிக்க இயலாது. 'சிரை' வடசொல் என்பது ஒருபுறம் இருக்க, தமிழ்க் காதில் அது 'சிரைத்தல்' என்பதன் பகுதியாகவே விழும்.

தோலின்மேல் எழுந்து தெரியும் குழாய்க்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது. புறநானூறு 278, 'நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்றோள்' என்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரிவது இன்று நாம் சிரை என்பதுதானே? 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று ஊர்வாயும் அதையே சொல்கிறது. 'இழைநரம்பு' என்று முன்மொழிகிறேன்.

தோல் மருத்துவர்:

ஐயா, பாடலில் சரி. ஒப்புதல் படிவத்தில் 'நரம்பு' கூடாது. அதே படிவத்தின் பக்கவிளைவுப் பட்டியலில் 'நரம்பு பாதிப்பு' என்று ஒரு வரி வரும். அது மரத்துப்போவதைக் குறிக்கும். ஒரே தாளில் ஒரு சொல் இரண்டு உறுப்பைச் சுட்டினால் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்றே தெரியாமல் போகும்.

இன்னொன்று. நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, ஒரு வரிசை. குறுக்களவில் 1 மி.மீ.க்கு உட்பட்டவை ஸ்பைடர் வெயின். 1 முதல் 3 மி.மீ. வரை பச்சை கலந்த நீலத்தில் ஓடுபவை ரெட்டிகுலர் வெயின். நிற்கும்போது 3 மி.மீ. அல்லது அதற்குமேல் புடைப்பவை வேரிகோஸ் வெயின். மெல்லியதன் வேரில் பெரும்பாலும் நடுத்தரம் ஒன்று ஊட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு மெல்லியதை மட்டும் ஊசியால் மூடினால் திரும்ப வரும். ஆகவே கையேட்டில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும்.

'சிலந்தி'யிலும் எனக்குத் தயக்கம். ஸ்பைடர் நீவஸ் என்பது வேறு. அது முகத்திலும் மார்பிலும் வரும். நடுவில் ஒரு நுண்தமனி இருக்கும். நடுப்புள்ளியை அழுத்தினால் வெளுத்து, விட்டால் நடுவிலிருந்து வெளிநோக்கி நிறையும். கல்லீரல் நோயிலும் கருவுற்றபோதும் காணப்படுவது அது. இரண்டுக்கும் 'சிலந்தி' என்றால் குழப்பம்தான்.

அகராதித் தொகுப்பாளர்:

மருத்துவர் சொன்னதைவிடப் பெரிய சிக்கல் நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. 'சிலந்தி' பூச்சிக்கு மட்டுமல்ல, கட்டிக்கும் புண்ணுக்கும் பழைய பெயர். 'நரம்புச் சிலந்தி' என்றால் கினிப்புழு நோய். அந்தப் புழு பெரும்பாலும் காலில்தான் தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். இந்தியாவில் அந்நோய் ஒழிந்ததாக 2000இல் சான்றளிக்கப்பட்டது. ஆனாலும் மூத்தவர்கள் நினைவில் சொல் இருக்கிறது. கால், நரம்பு, சிலந்தி மூன்றும் ஒரே வரியில் வந்தால் அவர் நினைப்பது புழுவைத்தான். ஆசிரியரின் 'நரம்பு'ம் மொழிபெயர்ப்பாளரின் 'சிலந்தி'யும் தனித்தனியே பிழைத்தாலும் சேர்ந்தால் பிழைக்கா.

சொல்மூலம் பற்றி ஒன்று. 'சிலம்பி' என்பதும் இதே பூச்சி; ஔவையின் தனிப்பாடலில் 'தேன்சிலம்பி' வருகிறது. இரண்டுக்கும் வேர் நுண்மை, சிறுமை குறித்த 'சில்' என்பது என் கருத்து. சில்லு, சிலாம்பு எல்லாம் அவ்வழியே. அப்படியானால் 'சில்நாளம்' என்றே...

தமிழாசிரியர்:

'சிலம்பு' ஒலித்தல் பொருளது. சிலம்பி எங்கே ஒலிக்கிறது? 'சில்' என்பதற்கு ஒலி, குளிர்ச்சி, சிறுமை என்று பல முகம் உண்டு. நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வேர் கண்டதாகச் சொல்வது முறையன்று.

ஈழத்துப் பாடநூல் ஆசிரியை:

வேரைப் பிறகு பார்க்கலாம். எங்கள் பாடநூல்களில் ஆர்ட்டரி 'நாடி', வெயின் 'நாளம்'. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டில் தமனி, சிரை என்கிறீர்கள். 'நாளம்' அங்கே எந்தக் குழாய்க்கும் பொது, சுரப்பியின் குழாய்க்கும்கூட. நீங்கள் 'நாளமில்லாச் சுரப்பி' என்பதை நாங்கள் 'கானில் சுரப்பி' என்போம். இரு பக்கமும் 'இரத்த நாளம்' என்றால் விளங்கும். ஆகவே நாளத்தை அடியாக வைத்து வரிசை அமைக்கலாம்: இழைநாளம், வலைநாளம், சுருள்நாளம். 'ரெட்டிகுலர்' என்பதன் பொருளே வலை; ஆகவே 'வலை' நடுத்தரத்துக்குத்தான் உரியது. மெல்லியதற்கு 'சிலந்திவலை நாளம்' என்று போட்டால் நடுத்தரத்துக்குச் சொல் இல்லாமல் போகும்.

மொழிபெயர்ப்பாளர்:

மூன்றும் அடுக்காக நிற்கின்றன, அம்மா. நன்றி. அடுத்தது ஸ்க்ளீரோதெரபி. 'தூர்ப்பூசி' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். தூர்ப்பு + ஊசி. உகரம் கெட்டுப் புணர்ந்திருக்கிறது. 'கிணறு தூர்ந்துவிட்டது' என்று எல்லோரும் சொல்வதால் புரியும் என்கிறார்.

தோல் மருத்துவர்:

அழகான சொல், ஆனால் தவறானதைச் சொல்கிறது. மருந்து நாளத்தின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. சுவர்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி நார்போல் ஆகின்றன. பிறகு உடல் அதை மெல்ல உறிஞ்சிவிடுகிறது. நாளம் காலியாக ஒட்டவேண்டும். இரத்தம் உள்ளே தேங்கி உறைந்து தூர்ந்தால் அதுதான் கோளாறு. கட்டியாகி வலிக்கும், இரும்புச்சத்து தோலில் படிந்து பழுப்புக் கறை விழும். சில வாரத்தில் ஊசி நுனியால் குத்தி அந்த இரத்தத்தை வெளியேற்றுவது அதனால்தான். 'கடினமாக்கல்' கிரேக்கச் சொல்லைப் பிரித்து எழுதியது. நோயாளர் கால் கெட்டியாகிவிடுமோ என்று அஞ்சுவார். 'அடைப்பு' அறவே வேண்டாம். அது இரத்தக் கட்டியை நினைவூட்டும்.

படிவத்துக்குத் தேவையான விவரம் இது. சொல் இதைத் தாங்கவேண்டும். ஊசி மருந்து 'பாலிடோக்கனால்' என்றால் அதன் செறிவு இழைநாளத்துக்கு 0.5%, வலைநாளத்துக்கு 1%. ஒரு குத்துக்கு 0.1 முதல் 0.3 மி.லி.; ஓர் அமர்வில் 10 மி.லி.க்கு மேல் இல்லை. மிக மெல்லிய 30 அல்லது 32 கேஜ் ஊசி. ஊட்டும் பெரிய நாளத்தில் தொடங்கிச் சிறியதற்கு வரவேண்டும். மெதுவாகச் செலுத்தவேண்டும், தோல் கொப்புளம்போல் எழுந்தால் மருந்து வெளியே கசிகிறது, உடனே நிறுத்தவேண்டும். இல்லையேல் அவ்விடம் புண்ணாகி ஆற நாளாகும். கருவுற்றிருப்பவருக்கும், இம்மருந்து ஒவ்வாதவருக்கும், ஆழ்நாளத்தில் அண்மையில் இரத்தக் கட்டி வந்தவருக்கும் போடுவதில்லை.

தமிழாசிரியர்:

ஒட்டி வற்றுகிறது என்றால் சொல் கையிலேயே இருக்கிறது. முன்னே காட்டிய அடியில் 'உலறிய' என்பது வற்றிய என்னும் பொருளதுதான். 'உலறூசி'.

செவிலியர் பயிற்றுநர்:

ஐயா, அதை வாய்விட்டுச் சொன்னால் 'உளறு' என்றுதான் கேட்கும். 'நாளம் வற்றவைக்கும் ஊசி' என்று விரித்தே எழுதலாமே. ஊசி போட்ட உடனே 15, 20 நிமிடம் நடக்கச் சொல்கிறோம். அழுத்தக் காலுறையை இழைநாளத்துக்கு 2, 3 நாளும் வலைநாளத்துக்கு ஒரு வாரமும் போடச் சொல்கிறோம். 'கடினமாக்கல்' என்று படித்தவர் நடந்தால் கெடுமோ என்று கேட்பார். 'வற்றவைக்கும்' என்று படித்தவருக்கு அழுத்துவது ஏன் என்று தானே விளங்கும். மறைய 3 முதல் 6 வாரம் ஆகும் என்பதும் அச்சொல்லோடு பொருந்துகிறது. வற்றுவது ஒரே நாளில் நடப்பதல்ல.

மேட்டிங்குக்கு 'செவ்விழைப் படர்வு'. ஊசி போட்ட இடத்தைச் சுற்றிச் சில வாரத்தில் மிக நுண்ணிய சிவப்பு இழைகள் புதிதாகப் படர்வதுதான் அது. மருந்தின் வலிமையோ செலுத்தும் விசையோ கூடினாலும், ஊட்டும் நாளம் மூடப்படாமல் நின்றாலும் வரும். பெரும்பாலும் சில மாதத்தில் தானே மங்கும். 'இழைநாளம்' என்பதோடு ஒலியும் இணைகிறது.

தோல் மருத்துவர்:

படர்வுக்கு உடன்படுகிறேன். லேசரை லேசர் என்றே விடுங்கள். ஊசி நுழையாத அளவு மெல்லிய நாளத்துக்கும் இப்படர்வுக்கும் அது உதவும். அலைநீளத்தைக் கட்டாயம் குறியுங்கள். கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் பாதுகாப்பானது; 532ஐத் தோலின் நிறமி அதிகம் உறிஞ்சுவதால் சூட்டுக்காயமும் நிறமாற்றமும் வரும். களிம்பு எதுவும் இந்த நாளங்களை மறைக்காது என்ற வரியும் வேண்டும். கணுக்காலைச் சுற்றி விசிறிபோல் விரிந்தாலோ கால் கனத்து வீங்கினாலோ, ஊசிக்குமுன் டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைப் பரிசோதனை) என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

இதுவரை வந்த மடல்களில் இழைநாளத்துக்கு ஐவர், இழைச்சிரைக்கு இருவர், இழைநரம்புக்கு ஒருவர். முதல் வரி இப்படிப் போகிறது: 'ஸ்பைடர் வெயின் எனப்படும் இழைநாளம், தோலுக்கு அடியில் விரிந்த மெல்லிய இரத்த நாளம்.' ஊசிக்குச் செவிலியர் தந்த தொடர். வெள்ளி காலைவரை திருத்தம் ஏற்பேன்.

அகராதித் தொகுப்பாளர்:

என் வாக்கு இழைச்சிரைக்கே. அதைப் பதிவில் வையுங்கள். ஸ்பைடர் நீவஸின் நடுவில் இருப்பது நுண்தமனி என்று மருத்துவர்தாமே எழுதினார்? 'நாளம்' தமிழ்நாட்டில் தமனியையும் சிரையையும் ஒருசேரக் குறிக்கும்போது, முகத்தில் இருப்பதையும் ஒருவர் 'இழைநாளம்' என்று எழுதினால் எதைக்கொண்டு மறுப்பது?

தமிழாசிரியர்:

'நாளம் வற்றவைக்கும் ஊசி' விளக்கம், கலைச்சொல் அன்று. மூன்று சொல் நீண்ட தொடரின்மேல் அடுத்த சொல்லை எப்படிக் கட்டுவது? அதைச் செய்பவர் யார், செய்த நாளம் எது என்று பெயர் வைக்க முயன்று பாருங்கள்.