டிஸ்பேஸ் 7.6: உபுண்டு மேம்படுத்தலுக்குப் பின் டேட்டாபேஸைக் காணவில்லை

கேள்வி

ஒரே சர்வரில் டிஸ்பேஸ் (டிஜிட்டல் நூலக மென்பொருள்), அதை ஓட்டும் டாம்கேட், தேடலுக்கான சோலர், டேட்டாபேஸுக்கான போஸ்ட்கிரெஸ் நான்கும் ஓடின. உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு மாறியதும் தளம் 500 பிழை காட்டுகிறது. லாகில் முதலில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்". போஸ்ட்கிரெஸ் 5433 போர்ட்டில் ஓடுவதைப் பார்த்து டிஸ்பேஸின் அமைப்பு ஃபைலான லோக்கல்.சிஎஃப்ஜி-யில் போர்ட்டை மாற்றினேன். அடுத்து, டிஸ்பேஸ் யூசருக்குப் பாஸ்வேர்ட் பிழை. அந்த யூசரே இல்லாததால் உருவாக்கினேன். இப்போது டிஸ்பேஸ் என்ற டேட்டாபேஸே இல்லை என்கிறது. பட்டியலில் போஸ்ட்கிரெஸ், டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 மட்டும்தான். அசெட்ஸ்டோர் (பதிவேற்றிய ஆவணங்கள் சேரும் கோப்புறை) ஃபைல்கள் பத்திரமாக உள்ளன. காலி டேட்டாபேஸ் உருவாக்கி மைக்ரேட் (டேபிள்களை அமைக்கும் கட்டளை) கொடுத்தால் அவற்றிலிருந்து மீண்டும் கட்டிக்கொள்ளுமா?

பதில் 1

கட்டிக்கொள்ளாது. முதலில் டாம்கேட்டை நிறுத்துங்கள். காலி டேட்டாபேஸ் கண்ணில் பட்டால், மைக்ரேட் கொடுக்காவிட்டாலும் டிஸ்பேஸ் தொடங்கும்போதே டேபிள்களை உருவாக்கிவிடும். தளம் திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. "தேடல் வேலை செய்யவில்லையே" என்று யாராவது முழு இண்டெக்ஸை மறுபடி ஓட்டினால், சோலரில் மிச்சமிருந்த மெட்டாடேட்டாவும் அழியும். புதிய ஹேண்டில் (ஒவ்வொரு ஐட்டத்துக்குமான நிலையான முகவரி) எண்களும் 1-லிருந்து தொடங்கிப் பழையவற்றோடு மோதும்.

அசெட்ஸ்டோரில் இருப்பவை நீண்ட எண்களைப் பெயராகக் கொண்ட ஃபைல்கள். தலைப்பு, ஆசிரியர், எந்தத் தொகுப்பு என்பதெல்லாம் டேட்டாபேஸில்தான்.

உங்கள் மூன்று பிழைகளும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டைச் சரிபார்த்த பிறகே டேட்டாபேஸைத் தேடும். யூசரே இல்லையென்றால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது வேறொரு கிளஸ்டரோடு (தனி போர்ட்டும் தனி டேட்டா கோப்புறையும் கொண்ட போஸ்ட்கிரெஸ்). 20.04-இல் வந்தது போஸ்ட்கிரெஸ் 12, 22.04-இல் வருவது 14. பழையது 5432-ஐப் பிடித்து வைத்திருந்ததால் புதியது 5433-இல் காலியாக உருவாகியிருக்கிறது.

கிளஸ்டர்களைப் பட்டியலிடும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் ஓட்டி வருவதைப் போடுங்கள். 12-இன் டேட்டா கோப்புறையில் 'பேஸ்' என்பதற்குள் என்னென்ன எண்கள் உள்ளன என்றும் பாருங்கள். நாம் உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கு 16384-க்குக் கீழே எண் வராது.

கேட்டவர்

12 மெயின், 5432, நிலை: டவுன், பைனரிஸ் மிஸ்ஸிங். 14 மெயின், 5433, ஆன்லைன். பேஸ் உள்ளே 16385 என்று ஒரு கோப்புறை இருக்கிறது.

பதில் 1

அதுதான் உங்கள் டேட்டாபேஸ். மேம்படுத்தலின் முடிவில் "பழைய பேக்கேஜ்களை நீக்கவா" என்ற கேள்விக்கு ஆம் சொன்னதில் 12-இன் புரோகிராம் மட்டும் போயிருக்கிறது. பர்ஜ் (அடியோடு நீக்குதல்) செய்திருந்தால் டேட்டாவும் போயிருக்கும்.

12-இன் டேட்டா கோப்புறையை முழுவதுமாக, உரிமைகள் மாறாமல், வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பேஸ் மட்டும் போதாது. பிறகு போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் பழைய பதிப்புகளுக்கான ஆப்ட் களஞ்சியத்திலிருந்து 12-ஐ நிறுவி, அந்தக் கிளஸ்டரைத் தொடங்கி, டிஸ்பேஸ் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். வந்ததும், வேறெதையும் தொடுமுன், பிஜி_டம்ப் கொண்டு டேட்டாபேஸை ஒரு பேக்கப் ஃபைலாக எடுத்துவிடுங்கள்.

அடுத்து 14 மெயினை பிஜி_டிராப்கிளஸ்டர் கொண்டு நீக்குங்கள். பெயரையும் எண்ணையும் இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். அதில் இருப்பது நீங்கள் உருவாக்கிய யூசர் மட்டும்தான். அதை நீக்காவிட்டால் அடுத்த படி நகராது: 12-இன் டேட்டாவை 14-க்கு மாற்றும் பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 12 மெயின். நகலெடுக்காமல் பழைய ஃபைல்களையே பயன்படுத்தும் லிங்க் முறை வேண்டாம். இயல்பான டம்ப் முறையில் இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படும், ஆனால் இன்னொரு நகலுக்கு டிஸ்க்கில் இடம் வேண்டும். முடிந்ததும் 14-க்கு 5432 கிடைக்கும், 12 வேறு போர்ட்டுக்குப் போகும். லோக்கல்.சிஎஃப்ஜி-யில் மறுபடி 5432 போடுங்கள்.

பதில் 2

ஒரு சேர்க்கை: லோக்கல்.சிஎஃப்ஜி பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். சோர்ஸ் கோப்புறையில் இருப்பதைத் திருத்திவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அதிகம். ஓடுவது நிறுவிய இடத்தில் இருப்பதுதான். டாம்கேட்டைத் தொடங்குமுன் 'டிஸ்பேஸ் டேட்டாபேஸ் இன்ஃபோ' கொடுத்தால் எந்த முகவரியோடு இணைகிறது என்று தெரிந்துவிடும்.

டம்ப்பைக் கையால் 14-இல் ஏற்றுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 12 பாஸ்வேர்டை எம்டி5 என்ற பழைய வடிவில் வைத்திருக்கும், 14-இன் புதிய பிஜி_எச்பிஏ (யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் ஃபைல்) ஸ்க்ராம் என்ற புதிய வடிவைக் கேட்கும். யூசருக்குப் பாஸ்வேர்டை மறுபடி வைத்தால் சரியாகும்.

கேட்டவர்

தளம் வந்துவிட்டது. ஐட்டம் எண்ணிக்கை சரி, இண்டெக்ஸைத் தொடவே இல்லை. 12-ஐ இப்போதே நீக்கலாமா?

பதில் 1

வேண்டாம். சில பழைய பிடிஎஃப்களை இறக்கிப் பாருங்கள், புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் 14-இலிருந்துதான் எடுக்கிறதா என்று பாருங்கள். அது இன்னும் 12-இன் பாதையைத் தேடிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.