கெய்ரோவில் நைலைக் கடக்க ஏன் இரண்டு பாலம்?

வரைபடப்பித்தன்:
தஹ்ரீர் சதுக்கத்துக்கும் மேற்குக் கரையில் இருக்கும் தொக்கிக்கும் நடுவே இருப்பது ஒரே ஆறு. வழி கேட்டால் மட்டும் இரண்டு பாலத்தின் பெயர் வருகிறது. போதாக்குறைக்கு அக்டோபர் 6, மே 15, ஜூலை 26 என்று தேதிகள் வேறு. எது எங்கே போகிறது? பழைய பாலங்கள் படகுக்காகத் திறக்குமாமே, எப்படி?

படித்துறை:
நடுவில் கெஸீரா தீவு இருக்கிறது, ஆறு அதைச் சுற்றி இரண்டு கிளையாகப் போகிறது. தஹ்ரீரிலிருந்து மேற்கே நடந்தால் முதலில் கஸ்ர் அல் நீல் பாலம். இரு முனையிலும் இரண்டிரண்டு வெண்கலச் சிங்கங்கள், தவறவே விட முடியாது. இறங்கினால் ஓபரா மாளிகை. தீவைத் தாண்டி கலா பாலம் ஏறினால் தொக்கி. நிதானமாக நடந்தால் அரை மணி.

தேதிகளில் குழம்பாதவர் இல்லை. அக்டோபர் 6 என்பது இஸ்ரேலோடு 1973 போர் தொடங்கிய நாள். அந்தப் பெயரில் இருப்பது ஒரு பாலம் என்பதைவிட 20.5 கி.மீ. மேம்பாலச் சாலை, 1969இல் தொடங்கி 1996 வரை கட்டம் கட்டமாகக் கட்டினார்கள். நைலின் இரு கிளைகளையும் தாண்டிக் கிழக்கே நஸ்ர் சிட்டி வரை ஓடும். இறங்கும் சரிவைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை மேலேயேதான். ஜூலை 26 என்பது தெரு. கிழக்குக் கரையின் பூலாக்கிலிருந்து தீவின் வடபகுதியான ஸமாலிக் பக்கம் அது ஆற்றைக் கடக்கும் பாலத்துக்குப் பெயர் மே 15!

துருப்பிடித்தவன்:
திறப்பதைப் பற்றி. பாய்மரப் படகின் மரம் உயரம், பாலமோ தாழ்வு. அதனால்தான் 1871இல் திறந்த முதல் கஸ்ர் அல் நீலிலேயே ஒரு பகுதி சுழலும்படி இருந்தது. இன்றிருப்பது 1933இல் வந்தது.

பொதுவாகச் சுழல் பாலத்தில் நடப்பது இதுதான்: போக்குவரத்தை நிறுத்தி, முனைப் பூட்டை விடுவித்து, முனைகளைத் தாங்கும் ஆப்புகளை இழுப்பார்கள். அப்போது மொத்த எடையும் நடுத்தூணுக்குப் போய்விடும். பிறகு பல்சக்கரம் வட்டப் பல்வரிசையில் உருண்டு பாலத்தைத் திருப்பும். வெயில்தான் எதிரி. 60 மீட்டர் எஃகு 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 22 மி.மீ. நீளும், முனை இடைவெளி அதற்குக் குறைவாக இருந்தால் இறுகிக்கொள்ளும். உருளைத் தடத்தில் மணல் சேர்ந்தாலும் தொல்லை. வருடக்கணக்கில் திருப்பாமல் விட்டாலோ கேட்கவே வேண்டாம்.

1912இல் வந்த அபுல் எலா பாலம் வேறு வகை: எதிர் எடையோடு பின்னால் உருண்டு மேலே தூக்கும். ஈஃபில் கட்டியது, திறக்காததால் பொறியாளர் உயிரை விட்டார் என்ற கதையை நம்பாதீர்கள். கட்டியது ஃபீவ் லீல் என்ற பிரெஞ்சு நிறுவனம். 1998இல் கழற்றிவிட்டார்கள்.

வரைபடப்பித்தன்:
நன்றி. ரயில்?

படித்துறை:
இம்பாபா பாலம், இரண்டடுக்கு: கீழே தண்டவாளம், மேலே வண்டிகள். புதுசு வேண்டுமென்றால் 2019இல் திறந்த ரோத் அல் ஃபரஜ் கம்பிவடப் பாலம். அகலம் மட்டும் 67.3 மீட்டர், கின்னஸில் ஏறியது.

வியாழன் இரவு கஸ்ர் அல் நீலில் காரோடு மாட்டாதீர்கள், வெள்ளி விடுமுறைக் கூட்டம். மெட்ரோ இரண்டாம் தடத்தில் சதாத் (தஹ்ரீர் நிலையம் இதுதான்), ஓபரா, தொக்கி என்று அடுத்தடுத்து நிலையம். ஆற்றுக்கு அடியிலும் அதே இரண்டு தாவல்தான்.