டோனி பேங்க்ஸின் மெலோட்ரான் சத்தம் 61 கீ கீபோர்டில் வருமா?

மஞ்சூர்_சுருதி:
டோனி பேங்க்ஸ் கீபோர்டு வாசித்த பிரிட்டிஷ் ராக் குழு ஜெனிசிஸின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தில் (1972) முதல் பாட்டுத் தொடக்கத்தை எடுத்துப் பார்க்கிறேன். சுரம் சரிதான், ஆனால் ஸ்ட்ரிங்ஸ் டோனில் வாசித்தால் கல்யாணக் கச்சேரி மாதிரி கேட்கிறது. என்ன மாற்றணும்? இன்னொன்று: கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நாலைந்து கீ மெதுவாகத் தொட்டாலே அலறுகிறது.

நாலரைக்கட்டை:
அது மெலோட்ரான் மார்க் 2. ஒவ்வொரு கீக்கும் கீழே நிஜ வாத்தியச் சத்தம் பதிந்த ஒரு டேப் ஓடும், 8 விநாடியில் தீர்ந்துவிடும். அந்தச் சத்தத்தின் சாம்பிள் (கீபோர்டில் ஏற்றும் ஒலிப்பதிவு) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்ட்ரிங்ஸையே வைத்து கோரஸை அணையுங்கள், டச்சை (விரல் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடிக் குறைவது) அணையுங்கள், ரிலீஸை (விரலை எடுத்த பிறகும் நீளும் சத்தம்) 0க்கு இறக்குங்கள், ட்ரெபிளை நன்றாகக் குறையுங்கள். எல்எஃப்ஓ-வில் (சுரத்தைத் தானாக ஆட்டும் அமைப்பு) 3–5 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மெதுவான பிட்ச் ஆட்டம் போதும். டேப் ஓட்டம் சீராக இருக்காது, அந்தத் தள்ளாட்டம்தான் அழகு.

கார்டு பி மேஜர் 7, அடுத்து சி ஷார்ப் மேஜர். இரண்டுக்கும் பாஸ் எஃப் ஷார்ப், அதாவது நம்ம நாலரைக் கட்டை. பாஸ் நகராமல் மேலே கார்டு மட்டும் மாறுவதுதான் பேங்க்ஸின் கை. தம்புரா கேட்ட காதுக்கு இது புதுசே இல்லை. வேகம் வேண்டுமென்றால் கீத் எமர்சன், ரிக் வேக்மேன் மாதிரி மற்ற ராக் கீபோர்டுக்காரர்கள் பக்கம் போங்கள்.

கார்டை 8 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். மாற்றும்போது ஒவ்வொரு விரலாக எடுத்து வையுங்கள். மொத்தமாகத் தூக்கினால் நடுவில் ஓட்டை விழும்.

கேத்தி_சால்டரிங்:
கீ அலறுவது ஈரத்தால். ஒரு கீக்கு இரண்டு கான்டாக்ட் உண்டு. முதலாவது பட்டதிலிருந்து இரண்டாவது படும்வரை உள்ள நேரத்தை வைத்துத்தான் விரல் எவ்வளவு வேகமாக அடித்தது என்று மெஷின் கணக்கிடும். முதலாவதில் அழுக்கு படிந்தால் அது தாமதமாகப் படும், இடைவெளி சுருங்கும், ஓங்கி அடித்ததாக எடுத்துக்கொள்ளும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். ரப்பர் பட்டையை எடுத்து, போர்டில் உள்ள கருப்புப் புள்ளிகளை 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் லேசாகத் துடையுங்கள். அழுத்தினால் கார்பன் உரிந்துவிடும், பிறகு போர்டையே மாற்றணும். நன்றாகக் காய்ந்ததும் பட்டையைப் பழையபடி பொருத்துங்கள். துரு எடுக்கிற ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

மழைக்காலம் முழுக்க கவருக்குள் நீல சிலிக்கா ஜெல் போடுங்கள். இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் சூடேற்றித் திரும்பப் போடலாம். மஞ்சில் ஜீப்பில் கொண்டுபோனால், மண்டபத்தில் ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். உடனே திறந்தால் உள்ளே வியர்த்துவிடும்.

மஞ்சூர்_சுருதி:
நன்றிண்ணே. அடுத்து அதே குழுவின் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ (1973) பாட்டுத் தொடக்கத்தில் வரும் பியானோ. தாளம் பிடிபடவில்லை.

நாலரைக்கட்டை:
2/4க்கு நடுவே 13/16ம் 15/16ம் வரும். மெட்ரோனோமைப் பதினாறாம் பங்குக்கு (2/4-இன் ஒரு அடியில் நாலில் ஒன்று) வைத்து எண்ணுங்கள், முழு அடிக்கு வைத்தால் சீக்கிரமே தடம் புரளும். இதுக்கு டச்சைத் திரும்பப் போடணும். மேடையில் பேங்க்ஸ் வைத்திருந்த ஆர்எம்ஐ எலக்ட்ரா பியானோவில் டச் கிடையாது, வல்லினம் மெல்லினம் எல்லாம் ஒரே சத்தம். பிறகு மேடையில் அந்தத் தொடக்கத்தையே விட்டுவிட்டார்.