இந்தோனேசியா மேற்கு, மலேசியா மேற்கு இல்லையா? நெதர்லாந்தில் இது என்ன கணக்கு?

பட்டர்வொர்த்_அம்மா:
வணக்கம். என் மகள் லைடனில் முதுகலை படிக்கிறாள். போன வாரம் போனில் ஒரு பழைய அரசுப் புள்ளிவிவர அறிக்கையைப் படித்துக் காட்டினாள். குடியேறியவர்களை மேற்கத்தியர், மேற்கத்தியர் அல்லாதார் என்று பிரித்திருக்கிறார்கள். அதில் இந்தோனேசியா மேற்காம், நாம் இல்லையாம். பினாங்கிலிருந்து மெடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது! அவளோடு தங்கியிருக்கும் பெண் மெடான்காரி, இரண்டு பேரும் ஒரே சட்டியில் சம்பால் வதக்கிச் சாப்பிடுகிறார்கள். அது எப்படி ஒருத்தி அந்தப் பக்கம், ஒருத்தி இந்தப் பக்கம்? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

செந்தூல்_குமரன்:
அக்கா, நான் ரோட்டர்டாமில் பதினோரு வருஷம் இருந்தவன். மகள் படித்தது சரிதான். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஓசியானியாவோடு இந்தோனேசியாவையும் ஜப்பானையும் மேற்கில் சேர்த்திருந்தார்கள். துருக்கி, மொரோக்கோ, சுரினாம், நாம் எல்லாம் மறுபக்கம். சமூக, பொருளாதார நிலையைப் பார்த்துப் பிரித்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்தோனேசியாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் அங்கே பிறந்த டச்சுக்காரர்களும் கலப்பினத்தவரும். 2022-ல் இந்தப் பிரிவைக் கைவிட்டார்கள்.

ஆனால் ஆளைப் பெட்டிக்குள் போடும் பழக்கம் அதற்கு ரொம்ப முந்தியது. இந்தோனேசியாவை ஆண்ட டச்சு ஆட்சியின் 1854 சட்டமே ஐரோப்பியர், சுதேசிகள் என்று கோடு கிழித்தது, ஆளுக்கொரு சட்டம், ஆளுக்கொரு நீதிமன்றம். சீனர், அரபியர், நம்மவர்கள் பிறகு 'அந்நியக் கீழைநாட்டார்' ஆனார்கள். 1899-ல் ஜப்பானியர்களைச் சட்டப்படி ஐரோப்பியரோடு சேர்த்துவிட்டார்கள். இனம் எலும்பிலேயே இருக்கிறது என்று நம்பிய காலத்தில் ஒரு கையெழுத்தில் ஒரு நாட்டு மக்களே பெட்டி மாறினார்கள், யோசித்துப் பாருங்கள்.

மெடான்_பேரன்:
என் கொள்ளுத்தாத்தா பினாங்கில் கப்பலேறி மெடான் பக்கத்து டெலி புகையிலைத் தோட்டத்துக்குப் போனவர், அதனால் எனக்கு இது புத்தக விஷயம் இல்லை. எலும்பு என்றீர்களே அண்ணே, அதை அளந்தே பார்த்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பெட்ரஸ் காம்பர் என்ற டச்சு உடற்கூற்றியலாளர் முகத்தின் சாய்வுக் கோணத்தை அளந்து, குரங்கிலிருந்து கிரேக்கச் சிலை வரை வரிசையாகப் படம் வரைந்தார். மனிதர் எல்லாருக்கும் மூலம் ஒன்றுதான் என்று நம்பியவர் அவர், ஆனாலும் பின்னால் வந்தவர்கள் அந்தப் படத்தை ஏணியாக்கிக்கொண்டார்கள். 1910-ல் கிளைவெக் டி ஸ்வான் என்பவர் சுமத்ராவுக்குப் பக்கத்து நியாஸ் தீவில் மக்களின் முகத்தில் சாந்து பூசி அச்சு எடுத்தார். அந்த முகங்களை ஆம்ஸ்டர்டாமில் பார்த்தேன். எல்லாருக்கும் கண் மூடியிருக்கிறது, உதடு இறுகியிருக்கிறது. என்னால் அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்_செல்வி:
முகத்தை அளப்பது போய்ப் படிவம் வந்துவிட்டது, அவ்வளவுதான். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில், யார் மோசடி செய்கிறார் என்று சந்தேகிக்கலாம் எனப் பார்க்க நெதர்லாந்து வரித்துறை குடியுரிமையையும் ஓர் அடையாளமாக வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது, அடுத்த வருஷம் வரித்துறையில் அமைப்புரீதியான இனவெறி இருந்ததை அரசு ஒப்புக்கொண்டது. அன்றாடப் பேச்சிலும் இருக்கிறது, வெள்ளையரைக் குறிக்க அவர்கள் வெகுகாலம் சொன்ன 'பிளாங்க்' என்ற சொல்லுக்குக் கறையில்லாதது என்றும் பொருள். அப்படியானால் நாமெல்லாம் கறையா? இப்போது 'விட்' என்று மாற்றிச் சொல்பவர்கள் கூடி வருகிறார்கள், நல்லது.

அதற்காக இங்கே மட்டும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். கோலாலம்பூரில் ரூம் தேடி ஒரு நம்பருக்குப் பேசினேன், எல்லாம் சரி, நாளைக்கே வரலாம் என்றார்கள், பெயர் சொன்னதும் 'ஓனர் சைனீஸ் மட்டும்தான் கேட்கிறார்' என்று வைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ்காரன் 1891 கணக்கெடுப்பில் நமக்கென்று போட்ட தலைப்பை இன்னும் படிவங்களில் 'பங்சா' (இனம்) என்ற கட்டத்தில் நாம்தானே நிரப்புகிறோம்.

பட்டர்வொர்த்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அந்த மெடான் பெண்ணின் கொள்ளுப்பாட்டியை டச்சுக்காரர்கள் எந்தப் பெட்டியில் போட்டிருந்தார்கள் என்று ஊருக்குப் பேசும்போது கேட்கச் சொல்லியிருக்கிறேன். தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.