'பியோனெர்ஸ்காயா பிராவ்தா' பழைய இதழ்கள்: ஆண்டு கண்டுபிடிப்பது எப்படி? 1991இற்குப் பிறகு என்ன நடந்தது?

வடலி:
வணக்கம். மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவரின் வீட்டுக்காரர் எங்கட வாசிகசாலைக்கு ஒரு கட்டு ரஷ்யச் சிறுவர் பத்திரிகை தந்திருக்கினம். கனக்க 1980களுடையது போலத் தெரியுது, சிலது அதற்கும் முந்தினது. மேல் மூலை பிய்ந்து போனதால் பல இதழில் திகதி இல்லை. கண்காட்சிக்கு வைக்க முதல் ஆண்டு தெரிய வேணும். இந்தப் பத்திரிகை யார் நடத்தியது, இவ்வளவு மலிவாக எப்படி விற்றது, சோவியத் போன பிறகும் வந்ததா எண்டும் விளக்கமாகச் சொல்லுங்கோ.

அச்சுக்கூடம்:
திகதி இல்லாட்டிலும் முதல் பக்கம் காட்டிக் கொடுக்கும். பெயருக்கு மேல் 'தயாராயிரு' என்ற பயனியர் (சோவியத் சிறுவர் அமைப்பு) அறைகூவல் இருக்கும். அதில் லெனின், ஸ்டாலின் இரண்டு பெயரும் சேர்ந்து வந்தால் 1950களின் நடுவுக்கு முந்தினது. கம்யூனிஸ்ட் கட்சியின் பெயர் மட்டும் எண்டால் பிந்தினது. அடுத்து விலையைப் பாருங்கோ. 1961 சனவரி 1இல் பத்துப் பழைய றூபிள் ஒரு புதிய றூபிள் ஆனது. அதனால் பிந்தின அறைகூவலோடு 1 கொப்பெக் (றூபிளின் நூறில் ஒரு பங்கு) விலையும் இருந்தால் 1961 அல்லது அதற்குப் பிறகு.

1980களைப் பிரிக்கச் செய்தியே போதும். இறந்த சோவியத் தலைவரின் கறுப்புக் கட்டம் போட்ட படம் எண்டால் பிரெஷ்னேவ் 1982 நவம்பர், அந்திரோப்போவ் 1984 பெப்ரவரி, செர்னென்கோ 1985 மார்ச். கிரிமியாவின் ஆர்டெக் பயனியர் முகாமில் ஒரு அமெரிக்கச் சிறுமி சிரித்துக்கொண்டு நிண்டால் அது சமந்தா ஸ்மித், 1983 கோடை. மொஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னமான மீஷா கரடி எண்டவுடன் 1980 எண்டு எழுதிப் போடாதேங்கோ. ஒலிம்பிக்கிற்கு முந்தின ஆண்டுகளிலேயே அந்தப் படம் எங்கும் அச்சாகத் தொடங்கிவிட்டது. வாரத்தில் செவ்வாய், வெள்ளி எண்டு இரண்டு தரம் வந்த பேப்பர். கிழமையின் பெயரும் நாளும் மாதமும் தப்பியிருந்தால், ஆண்டு கிழிந்திருந்தாலும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுச் சில ஆண்டுகளைத் தள்ளிவிடலாம்.

நெடுங்குளம்:
முதல் இதழ் 1925 மார்ச் 6, மொஸ்கோ. கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான கொம்சொமோலின் மத்திய குழுவும் பயனியர் அமைப்பின் மத்திய சபையும்தான் உரிமையாளர். 1970களின் நடுவில் 90 இலட்சத்துக்கு மேல் விற்றது. இதைப் பார்த்து 'எவ்வளவு வாசிப்புப் பசி' எண்டு கண்காட்சியில் எழுதாதேங்கோ. சந்தா சேர்த்தது பள்ளிக்கூடத்தில். கட்டாயம் எண்டு சட்டம் இல்லை, ஆனால் குழுவில் எல்லாரும் சந்தாதாரர் எண்டு காட்ட வேண்டிய நெருக்குதல் ஆசிரியருக்கும் பயனியர் தலைவருக்கும் இருந்தது. ஒரு இதழ் ஒரு கொப்பெக். வருஷத்துக்கு 104 இதழ் எண்டால் ஒரு றூபிளும் நாலு கொப்பெக்கும். கடதாசி, அச்சு, தபால் எல்லாம் அரசு வைத்த விலை. அதனால்தான் அந்தக் கணக்கு ஓடியது.

அதே நேரம், கட்டாயத்துக்கு வாங்கின பேப்பர் எண்டு முழுக்க ஒதுக்கவும் ஏலாது. அலெக்சேய் டால்ஸ்டாயின் புராத்தினோ எண்ட மரப்பொம்மைப் பையனின் கதை 1935இல் இதில்தான் தொடராகத் தொடங்கியது. 1940இல் எழுத்தாளர் கைதாரின், படைக்குப் போனவரின் வீடுகளுக்கு உதவும் பொடியன் தீமூரின் கதையும் இதில் தொடராக வந்தது. அதை வாசித்த பிள்ளைகள் ஊர் ஊராகக் குழு சேர்ந்து, போருக்குப் போனவரின் வீடுகளுக்கு விறகு கொத்தி, தண்ணி அள்ளிக் கொடுத்தினம். மேலிடத்து உத்தரவு அந்த வேகத்தில் பரவியிராது எண்டது என் எண்ணம்.

வடலி:
நன்றி. பாவ்லிக் மொரோசோவ் எண்ட பெயர் ஒரு இதழில் பெரிசாக வருது. அதற்கு என்ன குறிப்பு எழுதலாம்?

நெடுங்குளம்:
அதைக் கவனமாக எழுத வேணும். யூரல் பக்கத்துக் கெராசிமோவ்கா கிராமத்துப் பொடியன். 1932 செப்ரெம்பரில் தம்பியோடு சேர்த்துக் கொல்லப்பட்டான். தகப்பனைக் காட்டிக் கொடுத்த வீரப் பயனியர் எண்டு இந்தப் பத்திரிகை பெரிய பிரச்சாரம் செய்தது. அவன் பயனியர்தானா எண்டதையே பின்னாளைய ஆய்வாளர் சிலர் சந்தேகிக்கினம். அந்தக் கொலைக்கு முந்தின மாதம், ஆகஸ்ட் 7இல், கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் சுட்டுக் கொல்லலாம், குறைந்தது 10 வருஷச் சிறை எண்டு சட்டம் வந்தது. வயலில் கதிர் பொறுக்கின ஆக்களும் அதில் மாட்டினவை. அந்தக் காலத்தில் வயற்காவல் இருந்து ஆளைப் பிடித்துக் கொடுத்த பிள்ளைகளைப் பத்திரிகை பாராட்டியது. 'வீரச் சிறுவன்' எண்ட தலைப்பை அப்படியே தமிழாக்கி ஒட்டினால் பாதிக் கதைதான் வரும். சட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கோ.

மணல்காடு:
1991 பற்றி: கொம்சொமோல் அந்த வருஷம் செப்ரெம்பரில் கலைந்தது, பத்திரிகைக்கு உரிமையாளர் இல்லாமல் போச்சு. ஆனால் பெரிய அடி பணத்தால் விழுந்தது. 1992இற்கான சந்தாவை முந்தின இலையுதிர் காலத்திலேயே பழைய விலைக்கு வாங்கியாச்சு. 1992 சனவரி 2இல் ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. வாங்கின சந்தா அப்படியே நிற்க, கடதாசியும் தபாலும் பல மடங்கு ஏறின. பள்ளிக்கூடச் சேர்ப்பும் அதோடு நிண்டது. மற்றச் சிறுவர் பத்திரிகைகளில், லெனின்கிராட்டின் 'லெனின்ஸ்கியே இஸ்க்ரி' பெயரை மாற்றி 'பியாத் உக்லோவ்' ஆனது. போலந்தின் 'ஷ்வியாத் மோதிக்' 1993இல் மூடியது. 'பியோனெர்ஸ்காயா பிராவ்தா' பழைய பெயரோடேயே கிழமைக்கு ஒருக்கால் வரும் சின்னப் பேப்பராகத் தப்பியது.

அச்சுக்கூடம்:
ஒண்டு விட்டுப் போச்சு. செய்தித்தாள் கடதாசி மரக்கூழ். வெளிச்சத்தில் மஞ்சளாகி ஒடியும். கிழிசலுக்குச் செலோடேப் போடவேண்டாம், லமினேட் பண்ணவே வேண்டாம். வெள்ளிப்பூச்சி இருந்தால் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் சைபருக்குக் கீழ் 20 பாகையில் ஒரு கிழமை விட்டு, வெளியில் எடுத்ததும் கட்டை அவிழ்க்காமல் ஒரு நாள் வையுங்கோ. அவசரப்பட்டுத் திறந்தால் எங்கட காற்றின் ஈரம் தாளில் படியும். ஸ்கான் பண்ணேக்க தாளுக்குப் பின்னால் கறுப்புக் கடதாசி வையுங்கோ, மறுபக்க எழுத்துத் தெரியாது. கண்காட்சிக்கு அந்தப் பிரதி போதும், மூலத்தை வெளியில் வைக்காதேங்கோ.