யெரவான் சாசூன் தாவித் சிலை: வார்ப்பா, தகடா?

தகடுதட்டி:
ஆர்மீனியத் தலைநகர் யெரவானின் ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் சிலை, ஆர்மீனியக் காவிய நாயகன் சாசூன் தாவித் குதிரையில் பாய்வது. அதன் நகலை 60 செ.மீ. உயரத்தில் செய்யப்போகிறேன். வெண்கல வார்ப்பு என்றும் தகட்டு வேலை என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எது சரி? முன்னங்கால்கள் அந்தரத்தில் இருக்கும்போது பாரத்தை எப்படித் தாங்கவைப்பது? காலடியில் இருக்கும் கிண்ணம் எதற்கு?

வடிவம்:
தகடுதான். செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி சிற்பி யெர்வந்த் கோச்சார் உருவாக்கியது. 1959இல் திறந்தார்கள், எடை சுமார் 3.5 டன். இதற்கு முன் 1939இல், காவியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக அவரே ஜிப்சத்தில் ஒன்று செய்தார். 1941இல் அவர் கைதானபோது அதை உடைத்துவிட்டார்கள். அந்தப் பழைய சிலையின் படத்தை மாதிரியாக எடுத்துவிடாதீர்கள்.

கிண்ணம் மக்களின் பொறுமை. அது நிரம்பி வழிந்த பிறகுதான் வாள் உறையைவிட்டு வருகிறது. அந்த நீர் பாறைவழியே கீழே குளத்தில் விழும். குதிரை குர்கிக் ஜலாலி, தாவித்தின் பாட்டன் சனசார் நீருக்கடியில் கண்டெடுத்த நெருப்புக் குதிரை. அதனால் குளத்தை விட்டுவிட்டால் சிலை பாதிதான். ஒரு தட்டு நீராவது வையுங்கள்.

செம்பு_அரக்கு:
0.6 மி.மீ. செம்புத் தகடு போதும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் முக்கி, அரக்குப் படுக்கையில் வைத்துப் பின்பக்கமிருந்து தட்டுங்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகும். மொத்தென்று விழுந்த அடி கணீரென்று கேட்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்சுங்கள். இன்னும் நாலு அடி என்று போனால் காது மடலிலும் குளம்பு வளைவிலும் விரிசல் விழும், அதைப் பற்றவைத்தாலும் தழும்பு தெரியும்.

பாரத்தைத் தகட்டின்மேல் ஏற்றவே கூடாது. பின்னங்கால் இரண்டிலும் 6 மி.மீ. எவர்சில்வர் கம்பி ஓடி, பீடத்துக்குள் 8 செ.மீ. இறங்கட்டும், மேல்முனைகளை வயிற்றுக்குள் சேர்த்துப் பற்றவையுங்கள். தகடு வெறும் தோல்.

தகடுதட்டி:
இரும்புக் கம்பி கையில் இருக்கிறது, போடலாமா?

துருவெதிரி:
வேண்டாம். செம்பும் இரும்பும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டால் இரும்பு அரித்துப் பொருமும். நியூயார்க் சுதந்திர தேவி சிலையில் அதுதான் நடந்தது. செம்புத் தகடு 2.4 மி.மீ., அதற்கும் உள்ளே தாங்கும் இரும்புப் பட்டைகளுக்கும் இடையில் கல்நார் வைத்திருந்தார்கள். அது நைந்ததும் துரு வீங்கி ரிவெட்டுகளைப் பிடுங்கியது. 1986இல் முடிந்த பழுதுபார்ப்பில் இரும்புப் பட்டைகளுக்குப் பதில் எவர்சில்வர் வந்தது. உங்கள் சிலையின் கீழேயும் நீர் இருக்கப்போகிறது, ஆகவே வயிற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். உள்ளே வியர்க்கும் நீர் அதன்வழியே வடியும்.